தண்ணீர் குடித்த கல்

நாகாயி தலைக்கு மேலே தூக்கிப் போட்ட செங்கல் மூன்று துண்டாக உடைந்தது. இன்னொன்றை எடுத்துப் போட்டாள், அதுவும் உடைந்தது. இன்னொன்று, அதுவும். உள்ளே பச்சை மண். அவள் உள்ளங்கை மட்டும் சிவந்திருந்தது. சூளைக்காரன் ஏகாம்பரம் வேகாத கல்லுக்குக் காவி பூசிக் கொடுத்திருக்கிறான்.

இது நடந்தது, ஆறு வீடு வீடாகப் போய்ச் சுவர்களோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில். ஐப்பசி பிறந்தால் ஆறு கரையேறும், தெருவில் நடந்து வரும், ஒவ்வொரு சுவரின் முன்னாலும் நின்று நீ யார் என்று கேட்கும். பதில் சரியாக இருந்தால் போய்விடும். இல்லாவிட்டால் சுவரையும் கூட்டிக்கொண்டு போகும். போன வருஷம் நாகாயியின் மண்வீடு அப்படித்தான் போனது. மண் ஆற்றுக்குச் சொந்தம், கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டது.

இந்த வருஷம் அவள் மகள் பவுனுக்குத் தலைப்பிரசவம், அதுவும் ஐப்பசியில். பெண்ணை அழைத்துவருவது பற்றிப் பேசப் போனவளிடம் சம்பந்தி வீட்டார், தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதான் முறை, ஆனால் உனக்கு வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அன்றே திரும்பி வந்தாள். வைகாசியிலிருந்து ஆடி வரை ஏகாம்பரத்தின் சூளையில் மண் மிதித்தாள். கூலிக்குப் பதில் ஓர் அறை கட்டக் கல் கொடுத்தால் போதும் என்று பேச்சு.

உடைந்த துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு போய், ஆட்கள் எல்லாரும் பார்க்க அவன் காலடியில் கொட்டினாள். ஏகாம்பரம் கோபப்படவில்லை, சிரித்தான். சூளையடியில் மூன்று குவியல் கிடந்தன. எதில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஆனால் ஒரே குவியல்தான், எடுத்த பிறகு மாற்றக் கூடாது என்றான்.

மூன்றும் ஒரே மண், ஒரே அச்சு, ஒரே நாளில் மூட்டிய தீ. ஒன்று சூளையின் வெளிவரிசையில் இருந்தது, ஒன்று நெருப்பின் வாயில் இருந்தது, ஒன்று நடுவில் இருந்தது. எது எது என்று அவன் சொல்லவில்லை.

நாகாயி முதலில் கண்ணால் பார்த்தாள். முதல் குவியல் கோவைப்பழச் சிவப்பு. இரண்டாவது நாவல்பழக் கறுப்பு, மேலே கண்ணாடி உருகி வழிந்ததுபோல் மினுமினுப்பு. மூன்றாவது பழைய சட்டியின் நிறம், திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை.

அப்புறம் காதால் பார்த்தாள். இரண்டிரண்டு கல்லாக எடுத்துத் தட்டினாள். சிவப்பு, தொப்பென்றது. கறுப்பு மணிபோல் அடித்தது. தூரத்தில் நின்றவர்கள் கோயில் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது, நல்ல பானையைச் சுண்டினால் கேட்குமே, அந்தச் சத்தம், அவ்வளவுதான். கறுப்பை எடு, கறுப்பை எடு என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் சுருங்கியது. அந்தக் குவியலை அவன் தன் வீட்டுக்கென்று வைத்திருந்தான்.

அப்புறம் தண்ணீரால் பார்த்தாள். மண் ஊறவைக்கும் தொட்டிக்குள் மூன்று கல்லையும் விட்டாள். சிவப்பு, தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு அவள் கையிலேயே சேறானது. கறுப்பின்மேல் தண்ணீர் சேம்பிலையில் ஓடுவதுபோல் ஓடியது, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. மூன்றாவது குடித்தது. கன்றுக்குட்டி குடிப்பதுபோல் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் குடித்தது. குமிழி குமிழியாக வந்து, மெல்லக் குறைந்து, நின்றது. ஆட்கள் தொட்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். ஒரு கல்லுக்குத் தாகம் தீர்வதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"இது" என்றாள் நாகாயி.

ஏகாம்பரத்துக்கு மூச்சு வந்தது. "தண்ணி குடிக்கிற கல்லு, ஆத்தைப் பாத்தா சும்மா இருக்குமா?"

"முன்னாடியே வயிறு நிறைஞ்சுட்டா அப்புறம் ஏன் கேக்கப் போகுது, முதலாளி."

அவளே கட்டினாள். ஒவ்வொரு கல்லையும் ஆற்றுக்குக் கொண்டுபோய் முக்கி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, ஈரத்தோடு தூக்கிவந்து சுண்ணாம்புச் சாந்தில் வைத்தாள். அப்புறம் அடுத்த கல். ஏகாம்பரம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், செங்கல்லுக்குத் தலைக்கு ஊற்றியாயிற்றா, சீயக்காய் அரைத்துத் தரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போவான். புரட்டாசி முடிய நாலு சுவரும் கூரையும் நின்றன. கதவு போட நாள் இல்லை, நிலை மட்டும் நின்றது. பவுனு வந்து சேர்ந்தாள்.

ஏகாம்பரமும் கட்டினான். கறுப்புக் கல்லால் வீடு. பகலில் அந்தச் சுவரில் முகம் பார்க்கலாம். தொட்டியில் கரைந்த கல்லை ஊரே பார்த்துவிட்டதால் சிவப்பை யாரும் வாங்கவில்லை, அதில் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பினான்.

ஐப்பசி ஏழாம் நாள், உச்சிப்பொழுதில் ஆறு வந்தது. ஊர் முழுக்கக் கோயில் மேட்டுக்கு ஏறிவிட்டது. பவுனுக்கு அப்போதுதான் வலி கண்டிருந்தது, அவளைத் தூக்க முடியவில்லை. நாகாயி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஏகாம்பரம் தன் சுவரை நம்பி மச்சில் ஏறி நின்றான்.

ஆறு மதிலின் முன்னால் நின்றது. "நீ யாரு?"

நான் நெருப்பின் பிள்ளை என்றது மதில். ஆறு அதை ஒரு தரம் நக்கிப் பார்த்தது. காவி போனது. நீ என் பிள்ளை அல்லவா, வா வீட்டுக்கு என்றது. மதில் எழுந்து போய்விட்டது.

ஆறு வீட்டின் முன்னால் நின்றது. "நீ யாரு?"

குடிக்காத கல்லைச் சாந்து பிடிப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததே தவிர, ஒரு கல்லுக்கு அடுத்த கல்லைத் தெரியாது. அதனால் ஆயிரம் கல்லும் ஆயிரம் குரலில் தன் தன் பேரைச் சொன்னது. எல்லாம் மணிச் சத்தம். கோயில் மேட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டது, அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆறு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இங்கே வீடு எதுவும் இல்லையே என்று, ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பக்கத்தில் வைத்தது. மச்சு சரிந்தது. ஏகாம்பரம் தண்ணீரோடு உருண்டு வந்து நாகாயி வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தான். உள்ளே பிரசவம் என்று தெரிந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆறு நாகாயியின் சுவருக்கு முன்னால் நின்றது. "நீ யாரு?"

நாலு சுவரும் ஒரே குரலில் பேசின. அந்தக் குரலை ஏகாம்பரம் ஜன்னல் கம்பி வழியாகக் கையில் கேட்டான்.

"நீ குடுத்ததைக் குடிச்சு நின்னவங்க, ஆத்தா. இனிமே ஒரு சொட்டுக்கும் உள்ள இடமில்ல. ஒரு புள்ள வந்துக்கிட்டிருக்கு."

கதவு இல்லாத வாசல். நாகாயி நிமிர்ந்து பார்த்தாள். ஆறு ஆள் உயரத்துக்கு வாசலில் நின்றது, தொங்கவிட்ட சேலைபோல. உள்ளே தரையில் தூசி அப்படியே கிடந்தது. ஒரு கெளுத்தி மீன் தண்ணீரின் ஓரம்வரை வந்து, பவுனைப் பார்த்து, மீசையை அசைத்துவிட்டுத் திரும்பியது. ஆறு காத்திருந்தது. அவ்வளவு தூரம் மலையிலிருந்து ஓடிவந்தது, ஓர் அறையின் வாசலில் ஓசையில்லாமல் காத்திருந்தது. பவுனு அலறியபோது அதன்மேல் ஒரு சுழிப்பு ஓடி அடங்கியது.

அப்புறம் சின்ன அழுகை கேட்டது.

"என்ன புள்ள?" என்றது ஆறு.

"பொம்பளப் புள்ள" என்றாள் நாகாயி.

ஆறு வாசலை விட்டு விலகியது. கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவள்போல, சத்தம் இல்லாமல் தெருவில் இறங்கிப் போனது.

ஏகாம்பரம் கம்பியை விட்டான். விரல்கள் நிமிரவில்லை. அவன் வீடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. நாகாயி வெளியே வந்தாள், பிள்ளைக்கு வெந்நீர் போட வாசலில் மூன்று கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றினாள், உள்ளேயிருந்து காய்ந்த தென்னம்பாளையை ஓர் அணைப்பு அள்ளிவந்து போட்டாள். அதற்குள் குழந்தை அழுதது, உள்ளே ஓடினாள்.

ஏகாம்பரம் ஈரவேட்டியோடு குந்தி உட்கார்ந்து, ஒரு பாளையை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்து, பானைக்கு அடியில் வைத்தான்.