ங வராத ஆபீசர்

படுத்துட்டியா எழில்? ஸ்கூல்ல மிஸ் "எலில்"னு கூப்பிடுறாங்கன்னு நாளையிலேருந்து "எல்லி"ன்னு பேரை மாத்திக்கப் போறியாமே? மாத்திக்கோ. முதல்ல இந்த சித்தி கதையைக் கேளு. ஆனா "ம்" கொட்டாதே, "ங" கொட்டு. எந்த வார்த்தைக்கும் முன்னாடி வராத எழுத்தை ஏன் எழுதணும்னு சண்டை போட்டியே, அதே ங.

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்காரி. கோப்னட்னு பேரு. நாம இருக்கற இதே அயர்லாந்துதான், மேற்கால கடலோரம். ரெண்டு மலைக்கு நடுவுல பச்சைப் பசேல்னு ஒரு பள்ளத்தாக்கு, கீழே அலை தடார் தடார்னு அடிக்கும். அது பேரு க்ளௌன் ந ஙவர். க்ளௌன்னா பள்ளத்தாக்கு, ஙவர்னா ஆடுங்க, மொத்தத்துல ஆட்டுப் பள்ளத்தாக்கு.

"ங."

சமத்து. அப்போ அந்த ஊர்ப் பண்ணையாருக்கு அந்த இடம் பூரா தன் வேட்டைக்கு வேணும்னு ஆசை. மேப்பு வரையற ஆபீசர்கிட்ட, "துரைப் பள்ளம்னு எழுதிடு"ன்னார். அப்படி எழுதிட்டா இடம் அவருதாயிடும், ஆடு மேய முடியாது, கோப்னட் பட்டினிதான்.

அப்புறம் ஆபீசர் மேப்பும் மைக்கூடுமா வந்தான். கோப்னட் வழியை மறிச்சுட்டா. "பேரு என் ஆட்டுக்குத் தெரியும். கூப்பிடு. ஒரு குட்டி வந்தாலும் நீ கூப்பிட்டதே பேரு."

"துரைப் பள்ளம்ம்ம்!"

ஒண்ணும் திரும்பலை. சவக் சவக்னு புல்லை மென்னுச்சு.

"சரி, உங்க ஊர்ப் பேரையே சொல்றேன். கவர்!"

ஒரு கிழ ஆடு காதை மட்டும் ஆட்டுச்சு.

"நவர்!"

ம்ஹூம். ஆபீசர் மூஞ்சி செவந்துபோச்சு. "இதெல்லாம் மனுஷன் வாயில வர்ற எழுத்தா?"

அப்போ கோப்னட் இடுப்புல கையை வெச்சு ஒரு குரல் விட்டா பாரு. "க்ளௌன் ந ஙவ்வ்வர்!"

தடதடதடதட! கிணிங் கிணிங்! மலையே இறங்கி வந்துச்சு. மைக்கூடு டமார்! துரைப் பள்ளம் மேல மை ஊத்திருச்சு, மிச்ச மேப்பை ஒரு கிடா தின்னுருச்சு.

"ங."

"இப்ப எப்படி எழுதறது?"ன்னான் ஆபீசர். "சொல்லக் கத்துக்கோ, அப்புறம் எழுது. அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்"னா. பொழுது சாயற வரைக்கும் அவன் ங, ங, ங-ன்னு பழகினான். கடைசியில ஒரு சின்னக் குட்டி வந்து அவன் கையை நக்குச்சு. அப்புறம்தான் புது மேப்புல ஙவர்னு எழுதினான். பண்ணையார் குதிச்சார். குதிக்கட்டுமே!

"சித்தி, மிஸ்ஸுக்கு வராட்டி?"

பழகட்டும்டி. உனக்கு எவ்வளவு ஆசையா வெச்ச பேரு, அதைப் போய் எலியாக்கினா எனக்குப் பத்திக்கிட்டு வருது. சரி, ஆடெல்லாம் பட்டிக்குள்ள போயாச்சு, கதையும் பின்னாடியே போயாச்சு. கண்ணை மூடு எல்லி.

"...ழ."

ங-ன்னு தானே கொட்டச் சொன்னேன்?

"என் பேருல ழ, சித்தி. எ-ழி-ல். ஒழுங்கா கூப்பிடு."