ராஜா கேட்ட நீளமான நாழிகை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஊர்ப் பேர் வேண்டாம். சபையில் கொட்டாவி விடும் ராஜா எந்த ஊரிலும் உண்டு. தினமும் ஒரு நாழிகை பிரதானி சொக்கேசர் நாட்டு நிலவரம் வாசிப்பார். அடுத்த நாழிகை நாட்டியம்.

நாழிகையை அளந்தவள் காத்தாயி. அடியில் ஊசித்துளை போட்ட செம்பு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, சேகண்டியைத் தட்டுவாள். தூணுக்குப் பின்னால் பதினேழு வருஷமாக இதே வேலை. சேகண்டிச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அவள் முகம் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒருநாள் நாட்டியம் முடியச் சேகண்டி ஒலித்ததும் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிரதானியாரே, உம்முடைய நாழிகை யுகமாக நகர்கிறது. நாட்டியம் மட்டும் கண் இமைப்பதற்குள் முடிகிறதே, எப்படி?"

தன் பேச்சுதான் அறுவை என்று ஒத்துக்கொண்டால் பதவி என்னாவது? சொக்கேசர் பழியைத் தூக்கித் தூணுக்குப் பின்னால் போட்டார். "பிரபு, நாட்டியத்தின்போது அவள் வட்டிலை விரலால் அமுக்குகிறாள்."

"அய்யோ, அமுக்கலைங்க சாமி!"

"நாளைய நாட்டிய நாழிகை நீளமாக இருக்க வேண்டும். இல்லையேல் அந்த விரலை வெட்டுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

விகடகவி பிச்சமுத்து எழுந்தான். "நாளைக்கு வட்டில் என் பொறுப்பு, பிரபு. நீளமாக்கித் தருகிறேன்."

"தவறினால் உன் விரலும் சேர்த்து," என்றார் சொக்கேசர். இவனைத் தொலைக்க எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்!

மறுநாள் பிச்சமுத்து வட்டிலைச் சிம்மாசனத்துக்கு முன்னாலேயே மிதக்கவிட்டான். "யாரும் அமுக்காதபடி தாங்களே காவல் இருங்கள், பிரபு. கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது."

சலங்கை ஒலித்தது. ராஜா நிமிரப் போனார்.

"வட்டில், பிரபு!"

ராஜா குனிந்தார். கழுத்து வலித்தது. "பாதியாவது நிறைந்ததா?"

"கால்வாசி, பிரபு."

"சனியன், மூழ்கித் தொலையாதா!"

ஒருவழியாக மூழ்கியது. "அப்பாடா! எத்தனை நீளம்!"

"கேட்டது கிடைத்ததா, பிரபு?"

"அடேய், நான் நாட்டியத்தையே பார்க்கவில்லையே!"

"நீளம்தானே கேட்டீர்கள்? காத்தாயி தினமும் கழிக்கும் நாழிகை இது. அவளும் பதினேழு வருஷமாக நாட்டியம் பார்த்ததில்லை."

ராஜா முழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிப் பிச்சமுத்துவின் கழுத்தில் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனார். காத்தாயி விரல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நான் சந்தோஷமாக இருந்த நேரத்தையெல்லாம் நீ உட்கார்ந்து காத்தாய். நன்றி, அம்மா." வெட்டச் சொன்ன அதே வாய்தான். பரவாயில்லை, சொல்லிவிட்டதே. "இனி நாட்டிய நேரத்தில் வட்டிலைச் சொக்கேசர் பார்ப்பார். நீ முன்வரிசைக்கு வா. ஆட்டம் மறுபடி நடக்கட்டும்!"

காத்தாயி பிச்சமுத்துவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பத்து விரலும் இருந்தன. "நீங்க நல்லா இருக்கணுங்க."

சலங்கை மறுபடி ஒலித்தது. கொஞ்சம் கழித்து, "எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

"தெரியலைங்களே," என்றாள் காத்தாயி, கண்ணை எடுக்காமல்.