தப்பாச் சொன்ன மந்திரி

முன்ன எப்பவோ, நாணல்கோட்டைன்னு ஒரு நாட்டைக் கண்டவர்மன்னு ஒரு ராஜா ஆண்டாரு. பெரிய ஏரிக்குக் கீழ இருந்த ஊரு. ஏரி உடைஞ்சு ஊரு மெதந்தா ராஜாவுக்குத் திருவிழா. யானை மேல ஏறி அரிசி வீசுவாரு. புலவனுங்க "வள்ளலே!"ன்னு கத்துவானுங்க. உடையுறதுக்கு முன்னாடி ஒரு கூடை மண்ணு போட மட்டும் மனசு வராது. மண்ணு போடுறதை எவன் பாடுவான்?

மந்திரி பேரு சாத்தையன். அவன் பொஞ்சாதி செவந்தி போன வெள்ளத்துல போயிட்டா. அதுக்கு ராஜா ஒரு பட்டுச் சால்வை போத்துனாரு. அதை அவன் பிரிச்சே பாக்கல.

புரட்டாசி பொறந்ததும் சாத்தையன் சபையில எழுந்தான். "ராஜா, மழைக்கு முன்னாடி கரையைக் கட்டணும். எங்க ஓட்டைன்னு ஊருக்குத்தான் தெரியும். அவங்களைக் கூப்பிடுவோம்."

மந்திரி பதவி மேல கண்ணா இருந்த திருமேனிராயர் சிரிச்சாரு. "ஜனங்களா? வாயைப் பொளந்துக்கிட்டு அரிசி புடிக்கத்தான் லாயக்கு!"

"அப்ப ஒரு பந்தயம்" என்றாரு ராஜா. "கூலி கிடையாது, முரசு கிடையாது, சேவகன் கிடையாது. அமாவாசைக்குள்ள ஊரையே கரைக்கு வர வை. முடியலன்னா நாட்டை விட்டுப் போயிடணும்."

சாத்தையன் வீடு வீடாப் போனான். "ராஜா பாத்துப்பாருங்க"ன்னு ஒவ்வொரு கதவும் மூடுச்சு. வீட்டுக்கு வந்து தனியாச் சோறு தின்னான். "உப்பே இல்ல"ன்னு வாய்விட்டுச் சொன்னான். உப்பு இருந்துச்சு. செவந்தி இருந்திருந்தா, "நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"ன்னு கொல்லையிலேர்ந்து ஓடி வந்திருப்பா. கூப்பிட்டா வரமாட்டா. தப்பாச் சொன்னா நிக்காம வருவா.

கை அப்படியே சோத்துல நின்னுச்சு.

மறுநாள் கரை மேல ஒரு குச்சியை நட்டான். மோர் விக்கிற வெள்ளாச்சி வந்தா. "பாத்தியா ஆத்தா, போன தடவ ஒடைஞ்சது இங்கதான். இங்க அடைச்சாப் போதும்."

வெள்ளாச்சி மோர்ப்பானையை எறக்கி வச்சா. "யோவ் மந்திரி, கண்ணு பொடனியிலயா இருக்கு? ஒடைஞ்சது அந்தப் புளியமரத்துக்கிட்ட! ஒம் பொஞ்சாதி போன எடங்கூடத் தெரியாதா ஒனக்கு?"

அவனுக்குத் தெரியும். அந்த எடத்துல அவன் கையிலேர்ந்துதான் அவ நழுவுனா. இருந்தும் குச்சியை இன்னும் ஆழமா ஊனிக்கிட்டு, "நான் நம்பமாட்டேன்" என்றான்.

வெள்ளாச்சி புருஷனைச் சாட்சிக்கு இழுத்துட்டு வந்தா. எருமை மேய்க்கிற மாசாணம், "ரெண்டு பேரும் பேத்தாதீங்க, எருமை எறங்கி எறங்கி இங்கதான் கரையே கரைஞ்சு கெடக்கு"ன்னு வந்தான். மீன் புடிக்கிறவங்க நண்டு வளையைக் காட்டுனாங்க. ஆளாளுக்கு ஒரு குச்சி. சாத்தையன் எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்: "தோண்டிக் காட்டு!"

தோண்டுனாங்க. கரை உள்ளுக்குள்ள பொந்து பொந்தா இருந்துச்சு.

"அடப்பாவி, இதுக்குக் கீழயா புள்ளைங்களைத் தூங்கவைக்கிறோம்?" என்றா வெள்ளாச்சி. அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடல. கூடையும் மண்வெட்டியும் தானா வந்துச்சு.

அமாவாசை அன்னிக்கு ராஜா வந்து பாத்தா, ஊரே கரையில மண்ணு மிதிக்குது.

"மோசடி!"ன்னு குதிச்சாரு ராயர். "பொய் சொல்லிக் கூட்டியிருக்கான்!"

"ஆமாங்க. சரியாச் சொன்னேன், கதவைச் சாத்துனாங்க. தப்பாச் சொன்னேன், திருத்த ஊரே வந்துருச்சு."

ராஜா தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. "பந்தயத்துல நீதான்யா ஜெயிச்ச!"

ஐப்பசியில பேய்மழை. தண்ணி கரை விளிம்பைத் தொட்டுச்சு. உடையல. ராயருக்கு அதுவும் பொறுக்கல. "வெள்ளமே வரலியே! அத்தனை வேலையும் வீண்தானே?"

"அப்படியா? யானையில ஏறி நிவாரணம் குடுத்துட்டு வாரும்!" என்றாரு ராஜா. தண்ணி புகாத தெருவுல ராயர் அரிசி வீசுனாரு. "யாருக்கு சாமி சாவுக் காரியம்? ஒம்ம வீட்லயா?"ன்னு பொம்பளைங்க கேக்க, தலை தொங்கிப்போச்சு.

"என்ன வேணும், கேளு" என்றாரு ராஜா சாத்தையன்கிட்ட.

"அந்த யானையைக் குடுங்க. வருசா வருசம் மழைக்கு முன்னாடி மண்ணு சுமக்கட்டும்."

குடுத்தாரு. ஊரு காஞ்ச வீட்டுக்குள்ள சுடச்சுடச் சாப்பிட்டுச்சு. சாத்தையன் மட்டும் கொட்டுற மழையில புளியமரத்தடிக்குப் போனான்.

"செவந்தி, இன்னைக்கு மழையே இல்ல புள்ள"ன்னு சத்தமாச் சொல்லிட்டு, காதைத் தீட்டிக்கிட்டு நின்னான்.

மழை பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு.