சொந்தக் காரணம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர்களைக் குருவும் சீடரும் என்றுதான் சொன்னார்கள். கேலியாகத் தொடங்கியது, பெயராகவே நின்றுவிட்டது. குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு.

குரு, கணினி மையத்தின் தலைவர் மைமூன். சீடர், சேர்க்கைப் பிரிவுக் கண்காணிப்பாளர் திருமேனி. சேர்க்கை, தேர்வு, விடுதி, நூலகம் என்று ஆளுக்கொரு பக்கம் வைத்திருந்த கணினிப் பதிவுகளையெல்லாம் ஒரே தரவுத்தளத்துக்குக் கொண்டுவரும் வேலை மைமூனிடம் வந்தபோது, மற்ற பிரிவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருமேனி மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவர். சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன்பெல்லாம் தேர்வுப் பிரிவு ஞானதுரை தினமும் மைதானத்து வெயிலைக் கடந்து சேர்க்கைப் பிரிவுக்கு வருவார்.

"இந்தப் பையனுக்கு எங்க பதிவுல இனிஷியல் எஸ். உங்ககிட்ட டி. எது சார் சரி?"

"எங்களோடதுதான் சரி."

"என்னைக்குத்தான் எங்களோடது சரியா இருந்திருக்கு!"

சண்டை முடிந்ததும் டீ வரும். டீயோடு ஞானதுரையின் வீட்டுக் கதையும் வரும். மொட்டை மாடியில் அவர் முயல் வளர்ப்பது, அது மனைவி லில்லிபாய்க்குப் பிடிக்காதது, பிடிக்காமலே அவர் அதுகளுக்குக் கீரை அரிந்து போடுவது.

புதிய தளம் ஓடத் தொடங்கியது. எல்லாப் பிரிவிலும் பெயர்கள் ஒன்றாயின. ஞானதுரை வருவது நின்றது. வருவதற்கு வேலை இல்லை.

பாராட்டுக் கூட்டத்தில் திருமேனிக்குச் சால்வை போர்த்தினார்கள். கடைசி வரிசையில் நின்று ஞானதுரை கை தட்டினார். அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

திருமேனி தனியாக டீ குடிக்கப் பழகினார். சில மதியங்களில், ஒரு காரணமும் இல்லாமல், ஊழியர் வருகையும் பதிவாகும் அந்தத் தளத்தில் ஞானதுரையின் பெயரைத் தட்டிப் பார்ப்பார். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கையில் இருக்கிறார் என்று அர்த்தம். அது போதும் போலிருக்கும். ஒருமுறை புள்ளி இல்லை. 'விடுப்பு – சொந்தக் காரணம்' என்றிருந்தது. சில வாரங்களில் பச்சை திரும்பிவிட்டது. திருமேனியும் அதை மறந்துவிட்டார்.

கேன்டீன் செல்லக்கனிதான் ஒரு நாள் கேட்டாள்.

"என்ன சார், ஞானதுரை சார் சம்சாரத்தை அடக்கம் பண்ணுன அன்னைக்கு உங்களக் காணலயே? திருமேனி வந்தாச்சா, வந்தாச்சான்னு எல்லார்கிட்டயும் கேட்டுட்டே இருந்தாரு."

திருமேனி டீயைக் குடிக்காமலே எழுந்தார். கால்கள் அவரைக் கணினி மையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின.

மைமூன் மட்டும் இருந்தார். திருமேனி நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தும் உட்காரவில்லை.

"எல்லாத் தகவலும் ஒரே இடத்துல இருக்கு, மேடம். எனக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

"உங்க ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சு?"

"விடுப்பு. சொந்தக் காரணம்."

"அது தப்பா?"

"தப்பில்லை."

திருமேனி திரைப் பக்கம் கை நீட்டினார்.

"வேணும்னா அங்க இன்னொரு கட்டம் சேர்த்துடலாம், மேடம். காரணத்தை விவரமா எழுதற மாதிரி. நானே சேர்த்துடறேன்."

மைமூன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். தன் பெயரையே தட்டினார். திரையைத் திருமேனியை நோக்கித் திருப்பினார்.

போன மாதம் மைமூனும் விடுப்பில் இருந்திருக்கிறார். சொந்தக் காரணம்.

"இதப் பார்த்தீங்களா, சார்?"

"பார்த்தேன்."

அந்த நாட்களில் திருமேனி இதே அறைக்குத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார். காலியாக இருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் வேலையைப் பார்த்தார். மைமூன் திரும்பி வந்த அன்று, கொஞ்சம் மெலிந்திருந்தார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று அவரிடம் முதலில் கேட்டது சர்வரைப் பற்றி.

திருமேனி திரையைப் பார்த்தார். பிறகு அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் லீவு போட்டிருந்தீங்க?"

மைமூன் சொல்ல வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, மைதானத்துக்கு அந்தப் பக்கம், தேர்வுப் பிரிவில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"அவர் கிளம்பிடப் போறார். முதல்ல அவர்கிட்டப் போய்க் கேளுங்க" என்றார். "நான் இங்கதான் இருப்பேன்."