சூளைக்கு மேற்கே

மருதங்கோட்டையை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்கு ஒரு நாள், தன் ஊரில் முதன்முதலில் குடியேறியவர்கள் யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ராஜாக்களுக்கு இப்படி ஏதாவது தோன்றும். மற்றவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மந்திரி திருமேனிநாதர் ஜாக்கிரதையாக இருந்தார். ஆற்றங்கரைக் குயவர் தெருமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அங்கே ஒரு மாந்தோப்பு வைத்தால் தேவலை.

"மகாராஜா, முதல் குடி எங்கள் குடிதான். செப்பேடு இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஆற்றங்கரையைக் காலி செய்யட்டும். குயவர்களிடம் ஒரு ஓலை நறுக்குகூடக் கிடையாது."

"அப்படியே ஆகட்டும். மூன்று நாள் தவணை" என்றார் ராஜா.

குயவர் தெருவில் நாற்பது வீடு. அதில் ஒரு வீட்டுப் பேச்சியம்மாள் கூத்தையனிடம் ஓடினாள். கூத்தையனுக்கு அரண்மனையில் வேலை, ராஜாவோடு பேசிக்கொண்டிருப்பது.

"ஒரு ஓலைகூடவா இல்லை?"

"நாங்க சட்டி செஞ்சோம் சாமி. ஓலை எழுதலை."

"போகட்டும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் அடுத்தவன் வீட்டு ஓலையில் இருப்பீர்கள். வா."

நெசவாளர் தெரு, செக்கார் தெரு என்று வீடு வீடாக ஏறினார்கள். பரணில் கிடந்த நில ஓலைகள் எல்லாம் கீழே வந்தன. ஒருத்தர் ஓலையை ஒருத்தர் வாங்கிப் படித்தார்கள்.

"எங்க பாட்டன் பேரு எங்கய்யா?" என்றான் நெசவுக்கார மருதன்.

"உன் ஓலையில ஏன் தேடுற? என் ஓலையில இருக்கான். கிணத்துச் சண்டையோட!" என்றார் செக்கார்.

நாலாம் நாள் சபை கூடியது. மந்திரி செப்பேட்டைத் தாமே படித்தார். குலப்பெருமை, யானை, வெற்றி எல்லாம் வந்தன. கீழே வைத்தார்.

"மீதியையும் படியுங்கள் ஐயா" என்றான் கூத்தையன்.

"மீதி என்ன, வெறும் எல்லைதான்."

"அதுதான் வேண்டும்."

மந்திரி படித்தார். குரல் இறங்கியது. "கிழக்கெல்லை... குயவன் சாத்தன் சூளைக்கு மேற்கு."

கூத்தையன் ஓலைகளைப் பரப்பினான். "நெசவாளருக்கு வடக்கெல்லை அதே சூளை. செக்காருக்குத் தெற்கெல்லை அதே சூளை. மந்திரியின் முன்னோர் மூட்டையை இறக்கும்போதே சாத்தன் பானை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பின்னால் வந்தவர்கள் காலி செய்ய வேண்டும் என்பது உத்தரவு. மந்திரி வீடும் ஆற்றங்கரைதான். சாமான் கட்டப் பானை தேவைப்பட்டால் பேச்சியம்மாள் தருகிறாளாம்."

மந்திரி செப்பேட்டைத் துணியில் சுற்றினார்.

ராஜா மீசையைத் தடவினார். "அது கிடக்கட்டும். நம் அரண்மனைச் செப்பேட்டையும் பார்த்தாயா? நம் முன்னோர் எப்போது வந்தார்கள்?"

"பார்த்தேன் மகாராஜா. வெற்றி, யானை வரைக்கும் படித்தேன். எல்லை வந்ததும் மூடி வைத்துவிட்டேன்."

ராஜா ஜன்னல் வழியே பார்த்தார். அரண்மனைக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தரவு அப்போதே ரத்து. கூத்தையனுக்கு ஒரு பட்டுச் சால்வை. அரண்மனைச் செப்பேட்டை இனி யாரும் தொடக்கூடாது என்று ஒரு கட்டளை.