ஒன்றரைத் திருடன்

"எடுத்தவன் ஒரு திருடன்..." என்று ஊர்ச்சபையின் மூத்தவர் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்பாதி ஒன்று உண்டு. கேட்டுக்கொண்டிருந்த சங்கிலிக்கு அது மட்டும் நினைவில் நிற்கவில்லை. நிற்காமல் போனதால் வந்த வினைதான் இந்தக் கதை.

கடல் இன்னும் ஊருக்குள் வராத காலம் அது. கருமணல்துறை என்றொரு துறைமுகம். உப்புக்கும் கயிற்றுக்கும் கப்பலுக்கும் வேலை தேடி வருகிறவர்கள் அங்கே வாடகைக்குக் குடியிருந்தார்கள். குடிவருகிறவர் ஒரு வெண்கல அண்டாவை வீட்டுக்காரரிடம் பிணையாகக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்த்தக் கூடாது, புழங்கக் கூடாது. வீட்டைப் பழுதில்லாமல் ஒப்படைத்தால் அண்டா திரும்பி வரும். அண்டா இல்லாதவருக்கு அந்தச் சீமையில் எந்தக் கதவும் திறக்காது.

பழுது யாருடையது என்று சொல்வது வெள்ளையடிக்கிறவன் வேலை. வீடெல்லாம் செம்மண் சுவர். காலி செய்கிற நாளில் அவன் சுவர் விரிசலுக்குள் ஒரு தென்னை ஈர்க்கை விட்டு உருவுவான். முனை வெள்ளையாக வந்தால், குடிவரும்போது வைத்து அமுக்கிய சுண்ணாம்பு உள்ளே இருக்கிறது. விரிசல் குடிவருமுன்பே இருந்தது. சிவப்பாக வந்தால் விரிசல் புதிது, அண்டா வீட்டுக்காரருக்கு.

சங்கிலி அந்த ஊரின் வெள்ளையடிப்பவன். கைசுத்தமானவன் என்று பெயர். ஆவுடையப்பருக்குப் பத்தொன்பது வீடுகள். அத்தனை வீட்டின் விரிசலும் சங்கிலிக்குத் தெரியும். அவன்தானே சுண்ணாம்பு வைத்து அமுக்கியவன்.

ஒருநாள் ஆவுடையப்பர் அவனைக் கூப்பிட்டு, பத்தொன்பது வீட்டுக்கும் வெள்ளையடிக்க வேண்டும், ஆளை இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். பிறகு, செக்காட்டி ஒருவன் நாளைக்குக் காலி செய்கிறான் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சங்கிலி உள்ளங்கையில் ஈரச் செம்மண்ணை ஒளித்துக்கொண்டு போனான். ஈர்க்கை உருவும்போது முனை கைக்குள் புகுந்து வந்தது. சிவப்பு. அன்று அவன் கையை மூன்று தரம் கழுவினான். அடுத்த மாதம் ஒரு வளையல்காரர் காலி செய்தார். சிவப்பு. அன்று வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

மூன்றாவது, கயிறு திரிக்கும் பேச்சிமுத்து. இருமலில் இற்றுப்போன மனிதன். கடற்காற்று ஆகாது, உள்நாட்டுக்குப் போனால் பிழைப்பாய் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உள்நாட்டிலும் அண்டா கொடுத்தால்தான் வீடு. இருந்தது அந்த ஒரே அண்டா.

சங்கிலி ஈர்க்கை உருவினான். சிவப்பு.

பேச்சிமுத்துவின் மனைவி இசக்கி அந்த முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணே, நாங்க குடிவந்த அன்னைக்கு இதே விரிசல்ல நீங்கதானே சுண்ணாம்பு வச்சு அமுக்கினீங்க. நான் தண்ணி மோந்து குடுத்தேனே?"

சங்கிலி ஈர்க்கைப் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பரிடம் நீட்டினான்.

"ஈர்க்கு தென்னை மரத்துல பொறந்தது தாயி, எனக்காகப் பொய் சொல்ல அது என்ன என் பங்காளியா?" என்றார் ஆவுடையப்பர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்டா போனதால் இசக்கியும் பேச்சிமுத்துவும் கடற்கரையில் கயிறு போடும் கொட்டகைக்குப் போனார்கள். ஏழு நாள் மழை. ஏழு நாளும் கடற்காற்று. எட்டாம் நாள் பேச்சிமுத்து இருமவில்லை.

சங்கிலிக்குச் செய்தி வந்தபோது அவன் பதினெட்டாம் வீட்டில் இருந்தான். வேலையை நிறுத்தவில்லை. பத்தொன்பதும் முடிந்து, ஆவுடையப்பரின் சரக்கறைக்கு வெள்ளையடிக்கப் போனான். அங்கே மூன்று அண்டாக்கள் இருந்தன. மூன்றும் நிமிர்ந்திருந்தன. ஒன்றில் புளி. ஒன்றில் அரிசி. ஒன்றில் அவனுக்காகவே கரைத்து வைத்த சுண்ணாம்பு.

வெள்ளையடிக்கும் மட்டையை அதில் தோய்த்தான். விளிம்புக்குக் கீழே எழுத்து வெட்டியிருந்தது. எழுத்துக்குள் சுண்ணாம்பு இறங்கி, பெயர் வெள்ளைவெளேரென்று தெரிந்தது: பேச்சிமுத்து.

அப்போதுதான் ஊர்ச்சபை மூத்தவர் சொன்னதன் பின்பாதி அவனுக்கு ஞாபகம் வந்தது.

சுண்ணாம்பைத் தரையில் கொட்டினான். அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்ச்சபைக்கு நடந்தான். நடுவில் இறக்கி வைத்து, ஒரு ஈர்க்கையும் உள்ளங்கைச் செம்மண்ணையும் காட்டி, மூன்று வீட்டிலும் செய்ததைச் சொன்னான். ஆவுடையப்பர், அவன் கூலிக்காரப் பயல், குடித்திருப்பான் என்றார். சபையார் எழுந்துபோய் மூன்று சுவரிலும் புதுப்பூச்சைச் சுரண்டிவிட்டு, தங்கள் கையாலேயே விரிசலின் அடிவரை ஈர்க்கை விட்டார்கள். வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

செக்காட்டிக்கும் வளையல்காரருக்கும் அண்டா திரும்பியது. மூன்றாவதைச் சங்கிலியே கொட்டகைக்குச் சுமந்து போனான். இசக்கி கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அவருக்குத்தான் அண்ணே வீடு வேண்டியிருந்துச்சு" என்றாள். "எனக்கு இந்தக் கொட்டகை போதும்."

அவன் அண்டாவை அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். அது அப்படியே இருந்தது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, மூத்தவர் சொன்னது முழுவதும் இதுதான்: நம்பி ஒப்படைத்த பிணையை எடுத்தவன் ஒரு திருடன், தெரிந்தும் அதற்குத் தலையாட்டியவன் ஒன்றரைத் திருடன்.

அதன்பிறகு எந்த வீட்டில் விரிசல் பார்க்கப் போனாலும், ஈர்க்கைக் குடியிருந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று சங்கிலி முடிவு செய்தான்.