தொள்ளாயிரம் மீட்டருக்கு அந்தப் பக்கம்

ஊர் முடிந்து, கருவேலங்காடும் முடிந்து, அதற்கும் அப்பால் ஒரு மொட்டைக் கரடு. அதன் அடியில்தான் போலீஸ்காரர்களின் சுடுதளம். இந்தக் கோடியில் சுடும் மேடை, அந்தக் கோடியில் இலக்கு. நடுவில் தொள்ளாயிரம் மீட்டர் வெயில்.

அங்கே நாலு மாதமாக இரண்டே பேர். சீடர், ஏட்டு மாசிலாமணி. வயது ஐம்பத்தொன்று. குரு, பயிற்சியாளர் பூங்காவனம். வயது முப்பத்தாறு.

இலக்கின் கீழே, உயரமான மண்மேட்டுக்குப் பின்னால், ஒரு குழி உண்டு. குண்டு துளைத்ததும் குழியில் இருப்பவர் இலக்குச் சட்டத்தை இறக்கி, துளையைப் பார்த்து, மார்க்கைச் சொல்லி, காகிதம் ஒட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கென்று இருந்த காவலரைத் திருவிழா பந்தோபஸ்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திருவிழா முடிந்தது, தேரும் நிலைக்கு வந்தது, ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. பூங்காவனமே குழியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருவருக்கும் இடையே ஒரு வாக்கிடாக்கி.

முதல் நாள் மாசிலாமணி சுட்டார்.

"எத்தனை மேடம்?"

"ஒன்பது."

இன்னொன்று சுட்டார்.

"எத்தனை?"

"நாலு. ஏட்டய்யா, இந்தக் குண்டு வர்றப்ப ஒரு சத்தம்..."

"நம்பர் மட்டும் போதும் மேடம். மத்ததெல்லாம் கேட்டா கவனம் சிதறுது."

"சரி. நாலு."

அதற்குப் பிறகு பூங்காவனம் நம்பரைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

மாசிலாமணியிடம் மூன்று பெட்டித் தோட்டாக்கள் இருந்தன. ஒன்றில் லேசான குண்டு, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் கனமான, நீளமான குண்டு. அவருடைய செல்லம் லேசான குண்டுதான். விசுக்கென்று கிளம்பும், தோளை அதிகம் இடிக்காது. முந்நூறு மீட்டரில் ஐந்து துளையையும் ஒரு பலாக்கொட்டையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கமாகப் போய் விழும். அந்த முந்நூறு மீட்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததைக் காட்டுகிற அம்மா மாதிரி, எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுவார்.

தொள்ளாயிரத்தில்தான் தகராறு. ஒன்பது வரும், பத்து வரும், திடீரென்று நாலு வரும். காற்று என்றார். கண் என்றார். புதுக் கண்ணாடி போட்டார். கை நடுங்குகிறதோ என்று டீயை விட்டார். டீயை விட்டதில் தலைவலிதான் வந்தது.

அடுத்த வாரம் மாநில அணிக்குத் தேர்வு. வயது ஐம்பத்திரண்டு ஆனால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எந்தத் தோட்டா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

ஞாயிறு சாயங்காலம், காவலர்கள் தங்கும் பாரக்ஸ் வராந்தாவில் நின்று மகளுக்குப் போன் செய்தார். மனைவி இறந்து ஆறு வருடம். மகள் சுடர்விழி வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள்.

"பரீட்சை என்ன ஆச்சு? எத்தனை?"

"அறுபத்தெட்டுப்பா."

"போன தடவை எழுபத்திரண்டு."

"ம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, சாப்பிடு" என்றார்.

போன் நாற்பது வினாடியில் முடிந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்குப் பேசிச் சிரிக்கிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, துடைத்த துப்பாக்கியையே மறுபடி துடைத்தார்.

திங்கள் காலை மூன்று பெட்டிகளையும் பூங்காவனத்தின் முன் வைத்தார்.

"எதை எழுதிக் கொடுக்கறது மேடம்? நீங்களே சொல்லுங்க."

"உங்க மனசுல எது இருக்கு?"

மாசிலாமணியின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அந்தக் காகிதத்தை எனக்கு இருபது தடவை காட்டியாச்சு ஏட்டய்யா, உள்ளயே இருக்கட்டும்" என்று பூங்காவனம் சிரித்தார். "துப்பாக்கியை இங்க வெச்சுட்டு நீங்க குழிக்குப் போங்க. இன்னிக்கு நான் சுடறேன்."

"நான் மார்க் போடணுமா?"

"மார்க் வேண்டாம். என்ன கேட்குதோ அதை மட்டும் எழுதுங்க. எந்தப் பெட்டின்னு நான் சொல்ல மாட்டேன்."

மாசிலாமணி சிவப்புக்கொடியைத் தாண்டி நடந்தார். நடக்க நடக்கச் சுடும் மேடை சுருங்கிக்கொண்டே போனது. குழிக்குள் இறங்கியதும் அதுவும் மறைந்தது. மேலே ஒரு துண்டு வானம், முன்னால் சுவர். கிழிந்த குடை ஒன்று, பசை டப்பா, தண்ணீர் பாட்டில். உட்கார ஒரு கோணிப்பை. நாலு மாதம் ஒரே ஆள் உட்கார்ந்ததில் நடுவில் குழிந்து போயிருந்தது. அதன் மேல் உட்கார்ந்தார்.

பசை டப்பாவின் மூடியில் எறும்பு ஊர்ந்தது. வேறு எதுவும் அசையவில்லை. இந்த உலகத்தில் தன்னைத் தவிர யாரும் மிச்சமில்லை என்பது போல இருந்தது அவருக்கு. எப்போது சுடுவார்கள் என்றுகூடத் தெரியாது. காத்திருப்பதுதான் வேலை.

தலைக்கு மேல் சடீரென்று காற்றை வெட்டிய ஒரு சத்தம். உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு மூச்சு விட்ட பிறகுதான், வெகு தூரத்தில் யாரோ கதவை மூடியது போல, துப்பாக்கியின் வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது. குண்டு அதை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

பென்சிலை எடுத்தார். முப்பது வருடப் போலீஸ் கை, அதற்குத் தெரிந்த மாதிரிதான் எழுதியது: "காலை மணி 9.10. ஒரு சத்தம். ஈரப் புடவையை ஓங்கி உதறியது போல. கூர்மையானது."

சட்டத்தை இறக்கினார், ஒட்டினார், ஏற்றினார்.

ஐந்து முறை புடவை உதறியது. துளைகள் எல்லாம் வட்டமாக, ஊசியால் குத்தியது போல.

அடுத்த ஐந்தும் உதறல்தான். ஆனால் ஒன்றிரண்டு கொஞ்சம் மழுங்கலாக இருந்தன. "புடவை காய்ந்துவிட்டது" என்று எழுதினார்.

அதன் பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பூங்காவனம் பெட்டி மாற்றுகிறார் போலும். திடீரென்று காகிதத்தில் 'பொத்' என்றது. அவ்வளவுதான். வெட்டும் இல்லை, உதறலும் இல்லை. பழத்தோல் மண்ணில் விழுந்த மாதிரி. பின்னாலேயே தூரத்துக் கதவு மூடியது.

மறுபடி, பொத்.

சட்டத்தை இறக்கினார். இந்தத் துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிழிந்திருந்தது. நேராக வந்த குண்டு இல்லை இது. பாதி வழியில் வேகம் செத்து, தள்ளாடித் தள்ளாடி வந்து விழுந்திருக்கிறது. ஐந்தும் வந்து முடிந்தபோது ஒன்று பத்தில் விழுந்திருந்தது, ஒன்று நாலில்.

"பாவம்" என்று வாய்விட்டுச் சொன்னார். அதைக் கேட்கவும் அங்கே யாரும் இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"முடிஞ்சது ஏட்டய்யா. எதை எழுதிக் கொடுக்கப் போறீங்க?"

"முதல்ல சுட்டீங்களே, அதுதான் மேடம். என்னா சத்தம், என்னா சத்தம்! கடைசி வரைக்கும் தெம்பா வருது." அவர் குரலில் பெருமை வழிந்தது. "அதுதானே என்னோட லேசான குண்டு? எனக்குத் தெரியும்."

"இல்லை. அது கனமான பெட்டி."

"என்னது?"

"தோளை இடிக்குதுன்னு ஓரமா வெச்சீங்களே, அது."

"அப்ப கடைசியா 'பொத்'துன்னு..."

"அது உங்க செல்லம்."

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். முந்நூறு மீட்டர். ஐந்து துளை, ஒரு பலாக்கொட்டை. அதையும், சட்டத்தில் இழுத்துக் கிழிந்திருந்த துளையையும் மாறி மாறிப் பார்த்தார். கிளம்பும்போது அவ்வளவு விசுக்கென்று கிளம்புகிற குண்டு! இத்தனை நாளும் சுடும் மேடையில் படுத்துக்கொண்டு அவர் கேட்டதெல்லாம் அது கிளம்புகிற சத்தம்தான்.

காகிதத்தில் பசையைத் தடவினார். அந்தக் கிழிசலின் மேல் வைத்து ஒட்டினார்.

"கனமான பெட்டியே இருக்கட்டும் மேடம்" என்றார். "வந்து எழுதிக் கொடுத்துடறேன்."

"சரி, வாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கோணிப்பையின் நடுவில் இருந்த குழிவைக் கையால் தடவிப் பார்த்தார். நாலு மாதம். தினமும் காலை முதல் மத்தியானம் வரை, இந்த வெயிலில், இந்தக் கிழிந்த குடைக்குக் கீழே.

"மேடம்."

"சொல்லுங்க."

"இந்தச் சத்தம் உங்களுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்."

"நாலு மாசம் தினமும் கேட்டுட்டுத்தான் இருந்தீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன் மேடம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

வாக்கிடாக்கியில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க எத்தனைன்னு மட்டும்தான் கேட்டீங்க ஏட்டய்யா."